உள்ளே இருந்தவருக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது

என் மண்டைக்குள் ஒரு பெரியவர் குடியிருந்தார். வாடகை கிடையாது, காலி செய்கிற உத்தேசமும் கிடையாது. நான் பேனாவைத் திறந்தால் போதும், வெள்ளை ஜிப்பாவும் தடித்த கண்ணாடியுமாக வந்து தோளுக்குப் பின்னால் நின்றுகொள்வார். முதல் வரியை முடிப்பதற்குள் கண்ணாடியைக் கழற்றி ஜிப்பா நுனியால் துடைக்க ஆரம்பிப்பார். அவர் துடைத்தாலே எனக்குத் தெரிந்துவிடும், அந்த வரி தேறாது. கிழித்துப் போட்டுவிட்டு வேறு தாள் எடுப்பேன். பல வருஷங்களுக்கு என் எழுத்து வாழ்க்கை என்று சொல்லிக்கொள்ள இருந்தது இவ்வளவுதான். கிழித்த தாளையெல்லாம் சேர்த்து வைத்திருந்தால் கொச்சியில் எங்கள் மட்டாஞ்சேரி பஜாரில் யாருக்காவது சுக்குப் பொட்டலம் கட்டவாவது உதவியிருக்கும்.

அவர் ஆகாயத்திலிருந்து குதித்தவர் இல்லை. ரத்தமும் சதையுமாக எங்கள் ஊருக்கு ஒருமுறை வந்து போனவர்தான். எழுபதுகளின் தொடக்கத்தில் நடந்தது. மட்டாஞ்சேரியில் இருந்த தமிழ்க் குடும்பத்தார் பொங்கலுக்கு ஒரு விழா நடத்துவார்கள். மூட்டை தூக்குகிறவர்கள், ஓட்டல் வேலைக்காரர்கள், முனிசிபாலிட்டித் தொழிலாளிகள் எல்லாரும் சேர்ந்து ஒரு பள்ளிக்கூடக் கூடத்தை ஒருநாள் கேட்டு வாங்கி, தமிழ்நாட்டிலிருந்து ஒரு பேச்சாளரை வரவழைப்பார்கள். அந்த வருஷம் வந்தவர் அவர். அவர் பேசுவதற்கு முன்னால் உள்ளூர்க்காரன் ஒருத்தன் கதை வாசிக்கட்டும் என்று என்னை மேடையில் ஏற்றிவிட்டார்கள். எனக்கு அப்போது இருபது வயது. என் கதையில் ஒரு அம்மா மகனைப் பார்த்து, "மோனே, சாயா குடிச்சிட்டுப் போடா" என்பாள். கூடத்தில் எல்லாருக்கும் அது பிடித்துப்போனது. அவர்கள் வீட்டு அம்மாக்கள் அப்படித்தான் பேசுவார்கள்.

அடுத்துப் பேச வந்தவர் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு நாலு வார்த்தை மனசுக்குள் திட்டி ஆற்றிக்கொண்டிருப்பேன். அவர் சிரித்த முகத்தோடு, தம்பிக்கு ஆர்வம் இருக்கிறது, அதைப் பாராட்டுகிறேன், ஆனால் தம்பி வாசித்தது தமிழ்தானா என்பதைத் தம்பியே யோசித்துப் பார்க்க வேண்டும், முதலில் மொழியைக் கற்றுக்கொள்ளட்டும், கதை பிறகு வரும் என்றார். சொல்லிவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். கூடம் சிரித்தது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் கதைக்குத் தலையாட்டிய அதே ஜனங்கள் சிரித்தார்கள். அவர் மறுநாள் காலை ரயில் ஏறிப் போய்விட்டார். போகும்போது தன்னை என் மண்டைக்குள் விட்டுவிட்டுப் போனார்.

சிரிக்காமல் இருந்தது என் அக்கா ஒருத்திதான். வீட்டுக்கு நடந்து வரும்போது, அந்த ஆள் என்ன குற்றம் சொன்னான் என்று என்னிடமே கேட்டாள். சாயா என்று எழுதியது குற்றம் என்றேன். பிறகு சாயாவை என்னவென்று எழுதுவதாம் என்றாள். தேநீர் என்றேன். அப்படியொன்றை நாம் குடித்ததே இல்லையே என்றாள்.

அக்காவைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதை நகராது. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். மிளகும் சுக்கும் வியாபாரம் செய்யும் ஒரு பண்டகசாலையில் சுக்கு தரம் பிரிக்கிற வேலை. கல்யாணம் காட்சி என்று எதுவும் அவளுக்கு நடக்கவில்லை, அதைப் பற்றி யாராவது பேச்செடுத்தால் வாயில் வந்ததைச் சொல்லி அனுப்பிவிடுவாள். அப்பா என்னை மட்டும் தூரத்தில் இருந்த தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினார், ஆண் பிள்ளை தாய்மொழி படிக்க வேண்டுமாம். அக்கா பக்கத்து வீட்டுப் பெண்களோடு சந்து முனையில் இருந்த மலையாளப் பள்ளிக்கூடத்துக்குப் போனாள், நாலாவதோடு நின்றாள். மலையாளப் பத்திரிகையை மடமடவென்று வாசிப்பாள். தமிழில் ஒரு எழுத்துத் தெரியாது. எல்லாம் ஜன்னல் சட்டம் மாதிரி இருக்கிறது என்பாள்.

எங்கள் வீட்டில் மட்டும் இப்படி என்று நினைக்க வேண்டாம். மாரியம்மன் கோயிலில் இளசுகள் தமிழ்ப் பாட்டுப் பாடும், கையில் இருக்கும் தாளைப் பார்த்தால் அத்தனையும் மலையாள எழுத்தாக இருக்கும். யாரோ ஒருத்தர் சொல்லச் சொல்ல, பேச்சு தமிழாகவும் எழுத்து மலையாளமாகவும் எழுதிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அது ஒரு அதிசயமே இல்லை. எனக்கு மட்டும் அந்தத் தாளைப் பார்த்தால் கூச்சமாக இருக்கும். பெரியவர் பார்த்தால் என்ன சொல்வாரோ என்றுதான் முதலில் தோன்றும்.

அக்கா எங்கள் சந்தில் பேர்பெற்றவள். அதற்குக் காரணம் நான் பள்ளிக்கூடத்தின் கடைசி வகுப்பில் இருந்தபோது நடந்த ஒன்று. சாயங்காலம் வேலை முடிந்து பெண்கள் வெளியே போகும்போது, கேட்டில் ஒரு மேஸ்திரி நிற்பான். மடியில் மிளகு முடிந்துகொண்டு போகிறார்களா என்று பார்க்கிறேன் என்று ஒவ்வொருத்தியின் இடுப்பிலும் கை வைப்பான். பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் அக்கா, கை வைக்க விடமாட்டேன் என்று கேட்டின் வாசல்படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். பின்னால் வந்த பெண்களும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வேலைக்கு வரமாட்டோம் என்று சொல்லும் போராட்டத்தை அந்த பஜார் நிறையப் பார்த்திருக்கிறது, வீட்டுக்குப் போகமாட்டோம் என்று சொன்னதை அன்றைக்குத்தான் பார்த்தது. உள்ளே மிளகு மூட்டைகள், கேட்டைச் சாத்த வழியில்லை, சாத்தாமல் போகவும் முடியாது. கடைசியில் முதலாளியே குடையும் கையுமாக வந்து நின்றார். மறுநாளிலிருந்து கேட்டில் சோதனை போட ஒரு பெண்பிள்ளையை வைத்தார்கள்.

போராட்டத்துக்கு எங்கள் ஊரில் சமரம் என்பார்கள். "உங்க அக்காவோட சமரம்" என்று என்னிடம் எத்தனையோ பேர் எத்தனையோ விதமாகச் சொல்லியிருக்கிறார்கள். ஒருவர் கதையில் அக்கா மேஸ்திரியின் கையைத் தட்டிவிட்டாள், இன்னொருவர் கதையில் கன்னத்தில் அறைந்தாள். யாராவது அந்தக் கதையை ஆரம்பித்தால் அக்கா மட்டும் எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். அடக்கம் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

எண்பதுகள் பிறந்தபோது அக்காவின் கண் மங்கத் தொடங்கியிருந்தது. சுக்கை வெளுப்பாக்கச் சுண்ணாம்பு போடுவார்கள். அந்தத் தூளிலேயே வருஷக்கணக்கில் உட்கார்ந்திருந்ததுதான் காரணம் என்று எல்லாரும் சொன்னார்கள். டாக்டர் சொட்டு மருந்து கொடுத்தார், நம்பிக்கை கொடுக்கவில்லை. பத்திரிகையை முகத்துக்குக் கிட்டே வைத்து வாசிக்க ஆரம்பித்தாள். அப்போதுதான் ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, என்னென்னவோ எழுதுகிறாயே, அந்தக் கேட்டில் உட்கார்ந்ததை எழுது என்றாள்.

"ஆளுக்கு ஒரு மாதிரி சொல்றாங்க. செரியா ஒருத்தன் எழுதணும். கண்ணு போறதுக்குள்ள அச்சுல வரணும்டா."

அச்சு எதற்கு என்றால் அதற்கும் அவளிடம் கணக்கு இருந்தது. அன்றைக்கு அவளோடு உட்கார்ந்த பெண்களில் பாதிப்பேர் தமிழ்நாட்டுக்குத் திரும்பிப் போய்விட்டார்கள். அவர்கள் பிள்ளைகள் தமிழ் வாசிப்பார்கள். தமிழ்ப் பத்திரிகையில் வந்தால் யாராவது ஒருத்தியின் காதிலாவது விழும் என்பது அவள் எண்ணம். அக்கா என்னிடம் தனக்கென்று எதுவும் கேட்டதில்லை. ஒரு புடவை கூடக் கேட்டதில்லை. இதைத்தான் கேட்டாள். சரி அக்கா, ஒரு மாதத்தில் முடித்துவிடுகிறேன் என்று பெரிய எழுத்தாளன் மாதிரி சொல்லிவிட்டேன்.

உட்கார்ந்தேன். பெரியவர் வந்து நின்றார். "அக்கா சாயா குடிக்காமல் வேலைக்குப் போகமாட்டாள்" என்று எழுதினேன். கண்ணாடியைக் கழற்றினார். "தேநீர் அருந்தாமல் பணிக்குச் செல்லும் வழக்கம் என் தமக்கைக்கு இல்லை" என்று மாற்றினேன். அவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு தலையசைத்தார். எனக்கோ யார் இந்தத் தமக்கை என்று தோன்றியது. அப்படியொரு பெண் எங்கள் வீட்டில் இல்லை. கிழித்தேன். அக்காவாகவே எழுதினால் அவர் துடைக்கிறார், அவருக்குப் பிடித்த மாதிரி எழுதினால் அக்கா காணாமல் போகிறாள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்க இந்த மல்லுக்கட்டுதான். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுவேன். என்ன எழுதினாய் என்று அக்கா கேட்டால் தலைவலி என்பேன். சத்தியமாகத் தலைவலிதான், ஆள் உள்ளே இருந்தார் அல்லவா.

வேலை நாட்களில் எனக்கு இந்தக் கஷ்டமே கிடையாது என்பதுதான் வயிற்றெரிச்சல். ஒரு ஏற்றுமதிக் கம்பெனியின் கிடங்கில் சாக்குமேல் எழுத்துப் போடுகிற வேலை எனக்கு. தகரத்தில் வெட்டிய எழுத்தைச் சாக்கில் வைத்துக் கறுப்பு மையைப் பூசினால் ஏதோ ஒரு நாட்டின் துறைமுகப் பெயர் விழும். நாள் முழுக்க எழுதுவேன். ஒரு சாக்கையும் நான் கிழித்துப் போட்டதில்லை. என் எழுத்து கப்பலேறி எங்கெங்கோ போயிற்று, என் கதை மட்டும் வீட்டு வாசலைத் தாண்டவில்லை.

எல்லா வைத்தியமும் செய்து பார்த்தேன். தலைக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு உட்கார்ந்தேன். காயல் கடலில் சேருகிற கொச்சி அழிமுகத்தில் காற்றாட உட்கார்ந்து எழுதினேன், தாள் பறந்ததுதான் மிச்சம். நாம் எழுதுவதை யாரும் பார்க்கப்போவதில்லை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே இருந்தவர், நான் பார்க்கிறேனே என்றார். அவரோடு சண்டை போட்டேன். ஐயா, நீங்கள் ஒரே ஒருநாள்தான் இந்த ஊரில் இருந்தீர்கள், எங்கள் சாயாவைக் குடித்துவிட்டுத்தான் போனீர்கள் என்றேன். சண்டை போட்டால் அவருக்கு இன்னும் உற்சாகம். ஒரு மாதம் என்று சொன்னது ஒரு வருஷமாயிற்று. இதற்கு நடுவில் எனக்குக் கல்யாணமும் ஆயிற்று.

என் மனைவி தென்காசிப் பக்கம். தமிழ் வார இதழ்களை அட்டையிலிருந்து அட்டை வரை விடாமல் வாசிக்கிறவள். மலையாள எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. வந்த புதிதில் பஸ் போர்டைப் பார்த்து ஏறத் தெரியாமல், எறணாகுளம் போவதற்குப் பதில் பள்ளுருத்தியில் போய் இறங்கி அழுதுகொண்டு நின்றவள். அவளுக்கும் அக்காவுக்கும் எப்படி ஒத்துப்போயிற்றோ தெரியாது. பேசிப் பேசித் தீராது. இவள் மதினி மதினி என்பாள், அவள் மோளே மோளே என்பாள். இவர்களைப் பார்த்து எனக்குப் பொறாமையாகக்கூட இருக்கும். இரண்டு பேர் மண்டையிலும் யாரும் இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் வழக்கம்போலத் தாளைக் கசக்கி எறிந்தபோது அது அக்காவின் காலடியில் போய் விழுந்தது. அவள் எடுத்துப் பிரித்து, முகத்துக்குக் கிட்டே வைத்துப் பார்த்தாள். ஒன்றும் புரியவில்லை. என் கதையை எனக்கே வாசிக்க முடியாத எழுத்தில் எழுதிக் கிழிக்கிறாயே, நான் வாசிக்கிற மாதிரி எழுதித் தா என்றாள். நான் எரிச்சலில், அக்கா, மலையாளத்தில் கதை எழுதுகிற அளவுக்கு எனக்கு மலையாளம் வராது என்றேன்.

"எடா, மலையாளத்துல எழுதச் சொல்லல. மலையாள எழுத்துல எழுது. பேச்சு நம்ம பேச்சாவே இருக்கட்டு."

கோயில் பாட்டுத் தாள் மாதிரி. அவ்வளவுதான் அவள் கேட்டது. எனக்கு அவமானமாக இருந்தது. இருந்தாலும் கடன் கழியட்டும் என்று ஒரு பழைய நோட்டை எடுத்து, மலையாள எழுத்தில் "அக்கா சாயா குடிக்காம வேலைக்குப் போகமாட்டா" என்று எழுதினேன். எழுதிவிட்டுப் பழக்கதோஷத்தில் நின்றேன். பெரியவர் வந்தார். குனிந்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தமிழ்நாட்டிலிருந்து வந்தவர் பாவம், மலையாள எழுத்தை எங்கே கண்டார். அடுத்த வரியை எழுதினேன். அதற்கடுத்ததையும் எழுதினேன். அவர் தோளுக்குப் பின்னால் கொஞ்ச நேரம் தவித்துவிட்டு எங்கோ போய் உட்கார்ந்துகொண்டார்.

என் வாழ்க்கையில் அப்படி எழுதியதில்லை. சாயா வந்தது, மரவள்ளிக்கிழங்கு எங்கள் ஊர்க் கப்பையாகவே வந்தது, மேஸ்திரியின் வெற்றிலை வாய் வந்தது, முதலாளியின் குடை வந்தது. அக்காவின் கெட்ட வார்த்தைகள்கூட இரண்டு வந்தன. தப்பு இருக்கிறதா என்று பார்க்கத் திரும்பவே தோன்றவில்லை. மனைவி வந்து எட்டிப் பார்த்துவிட்டு, என்ன இது சுத்திச் சுத்திப் போகுது என்று சிரித்துவிட்டுப் போனாள். அதற்கும் நான் எரிந்து விழவில்லை. ஒரு மாதம் என்று சொல்லியிருந்தேன் அல்லவா, அதற்குள்ளாகவே முடித்துவிட்டேன், என்ன, ஒரு வருஷம் கழித்துத் தொடங்கினேன்.

அக்கா நோட்டை வாங்கிக்கொண்டு போய் வெளிச்சம் வரும் இடமாகப் பார்த்து உட்கார்ந்தாள். கண் காரணமாக, வாசித்து முடிக்க நாலைந்து நாளாயிற்று. நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். முடித்துவிட்டு நோட்டை என்னிடம் கொடுத்தாள்.

"நல்லாருக்குடா. ஆனா..."

அந்த 'ஆனா'வோடு நின்றுவிட்டாள். என்ன என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியாதா என்ன, பத்து வருஷமாகக் கேட்கிற 'ஆனால்' தானே. அவளுக்கும் மொழி சரியில்லை என்று தோன்றியிருக்கிறது. மனசு அப்படியே உட்கார்ந்துபோயிற்று. தமிழ் எழுத்தில் மாற்றும்போது எல்லாவற்றையும் சரிசெய்துவிடுகிறேன் என்றேன். அவள் என்னை ஒருமாதிரி பார்த்துவிட்டு அடுப்படிக்குப் போனாள்.

பத்திரிகைக்கு அனுப்பத் தமிழில் எழுதித்தானே ஆக வேண்டும். நோட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பார்த்து எழுதுகிற வேலைதானே, என்ன பெரிய கஷ்டம் என்று உட்கார்ந்தேன். தமிழில் முதல் எழுத்தைப் போட்டேனோ இல்லையோ, பெரியவர் எழுந்து வந்துவிட்டார். இத்தனை நாள் பட்டினி கிடந்தவர் பாருங்கள், சாயாவில் ஆரம்பித்துக் கப்பை வரைக்கும் ஒன்றையும் விடவில்லை. மலையாள எழுத்தில் உயிரோடு இருந்தவள் தமிழ் எழுத்துக்கு வந்ததும் மறுபடி தமக்கையாகிவிட்டாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கதையை நான் எழுதலாம், யாருக்கும் கொடுக்க முடியாது. யாருக்காவது கொடுக்கிற மாதிரி எழுதினால் அது என் கதை இல்லை. இப்படியும் ஒரு மனுஷனுக்குத் தலையெழுத்து இருக்குமா.

மனைவிதான், நீங்கள் சும்மா வாசியுங்கள், நான் தமிழில் எழுதிக்கொள்கிறேன் என்றாள். நல்ல யோசனையாகத்தான் பட்டது. அவள் தாளோடு உட்கார, நான் நோட்டைப் பார்த்து வாசித்தேன். வாசிக்கிறேன் என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். எதிரில் தமிழில் எழுதுகிற கையைப் பார்த்ததும் வாயிலேயே திருத்தம் வந்துவிட்டது. நோட்டில் 'உக்காந்தா' என்றிருக்கும், வாய் 'அமர்ந்தாள்' என்று சொல்லும். அவள் ஒரு பக்கம் எழுதிவிட்டுப் பேனாவை வைத்துவிட்டாள்.

"நீங்க வாசிக்கிறியளா, இல்ல மேடையில பேசுதியளா? அதுல என்ன இருக்கோ அதச் சொல்லுங்க."

அதில் இருப்பதைத்தான் சொல்கிறேன் என்று கத்தினேன். அவளுக்கு மலையாளம் வாசிக்கத் தெரியாது என்கிற தைரியம். அடுப்படியிலிருந்து அக்கா வந்தாள். கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு என் மடியில் இருந்த நோட்டை எடுத்தாள். முகத்துக்குக் கிட்டே வைத்துக்கொண்டு, மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்து, நீ வெளியே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வா என்றாள். நான் இருந்தால் என்ன என்றேன். நீ இருக்காதே என்று இரண்டு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள்.

எழுதினவனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிவிட்டுக் கதையை எழுதின கூத்து வேறு எங்காவது நடந்திருக்குமா தெரியாது. படகு ஜெட்டிப் பக்கம் ஒரு சாயாக் கடையில் போய் உட்கார்ந்தேன். ஒரு சாயா குடித்தேன், இன்னொன்றும் குடித்தேன். அங்கே என்ன அட்டூழியம் நடக்கிறதோ, இவள் தன் தென்காசித் தமிழைக் கலந்துவிடுவாளோ, அக்காவுக்குக் கண் தெரியாமல் வரி விட்டுப்போகுமோ என்று ஒரே தவிப்பு. பொறுக்க முடியாமல் திரும்பிப் போனேன். சந்தில் நுழையும்போதே இரண்டு பேரும் சிரிக்கிற சத்தம் கேட்டது. பிறகு திடீரென்று சத்தம் நின்றது. ரொம்ப நேரம் அக்காவின் குரல் மட்டும் தாழ்ந்து கேட்டது. வாசலில் என்னைப் பார்த்ததும் மனைவி, இன்னும் முடியவில்லை, இன்னொரு சாயா குடியுங்கள் என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது. நம் எழுத்து அப்படி வேலை செய்திருக்கிறது என்று எனக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

எழுதியதை எனக்குக் காட்டவே இல்லை. பார்த்தால் திருத்துவீர்கள் என்று மனைவி உறையில் போட்டு ஒட்டிவிட்டாள். கெஞ்சினேன், கோபித்துக்கொண்டேன், ஒருநாள் சாப்பிடாமல்கூட இருந்து பார்த்தேன். மசியவில்லை. மெட்ராஸிலிருந்து வந்துகொண்டிருந்த ஒரு சின்னப் பத்திரிகைக்கு அவளே தபாலில் சேர்த்தாள். அதற்குப் பிறகு மாதக்கணக்கில் ஒரு தகவலும் இல்லை. பெரியவர் உள்ளே இருந்துகொண்டு, நான் அப்போதே சொன்னேன் என்றார். இதற்கிடையில் அக்கா பத்திரிகை வாசிப்பதை நிறுத்தியிருந்தாள். எழுத்துக் கலங்கிப்போகிறது என்றாள்.

அந்தப் பத்திரிகை ஒரு நாள் சாயங்காலம் வந்தது. உறையைக் கிழித்தேன். என் கதை அச்சில் இருந்தது. கூடவே ஆசிரியர் கைப்பட ஒரு துண்டுத் தாள், கதையின் நடுவில் அக்கா குறுக்கிட்டுப் பேசுகிற இடம் பிரமாதம், அந்த உத்தி புதுசு என்று. எனக்கு ஒன்றும் ஓடவில்லை. நான் எந்த உத்தியும் செய்யவில்லை. என் கதையில் அக்கா எங்கேயும் குறுக்கிட்டுப் பேசவில்லை. சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்துத் திறந்துகொண்டு, எங்கே என்று தேடி நின்றபடியே வாசித்தேன். அச்சான பிறகு திருத்தி என்ன ஆகப்போகிறது, ஆனாலும் கை போகிறது. சாயா இருந்தது. கப்பை இருந்தது. 'உக்காந்தா' என்பது அப்படியே இருந்தது. பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கூட வந்தார். அக்கா கேட்டில் உட்காரும் இடத்துக்கு வந்தோம். "மேஸ்திரியோட கையத் தட்டிவிட்டுட்டு அக்கா வாசப்படியில உக்காந்தா. அவ முகத்துல பயம்னு ஒரு துளி இல்ல." இது என் வரி. இதை எழுதிவிட்டு எனக்கு நானே தட்டிக்கொடுத்தது நினைவிருக்கிறது. அதற்குக் கீழே, நான் எழுதாத ஒன்று இருந்தது.

"அப்படி ஒண்ணும் இல்ல மோளே. நான் அவன் கையத் தட்டவே இல்ல. சமரத்துக்கும் உக்காரல. எனக்குப் பயத்துல காலு ரெண்டும் நடுங்கிடுச்சு. நிக்க முடியாம உக்காந்துட்டேன். பின்னால வந்தவளுக சமரம்னு நெனச்சு அவளுகளும் உக்காந்தாளுக. அதுக்கப்புறம் எப்படி எந்திரிக்கிறது?"

வாசிக்கும்போது அக்கா சொன்னதை மனைவி அப்படியே எழுதியிருக்கிறாள். என் வரியையும் விடவில்லை, அதைப் பொய் என்று சொன்னதையும் விடவில்லை. அதில் என்ன இருக்கோ அதை எழுதுகிறவள் அவள். நான் இன்னொரு முறை வாசித்தேன். என் தோளுக்குப் பின்னால் பெரியவரும் வாசித்தார் என்று நினைக்கிறேன். கண்ணாடியைத் துடைக்கிற சத்தம் வரவில்லை. பத்து வருஷம் இந்த ஆளோடு அடித்துக்கொண்டேன், சாயாவா தேநீரா என்று. இரண்டில் எதைப் போட்டிருந்தாலும் நான் எழுதியது பொய்தான்.

அடுப்படிக்குப் போனேன். அக்கா தரையில் உட்கார்ந்து கப்பைத் தோல் உரித்துக்கொண்டிருந்தாள். கண்ணால் பார்த்து இல்லை, கையால் தடவித் தடவி. கதை வந்திருக்கிறது என்றேன். அப்படியா என்று தலையை நிமிர்த்தினாள், முகம் முழுக்கச் சந்தோஷம். நான் அந்த இடத்தைச் சத்தமாக வாசித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே உரித்தாள். இத்தனை வருஷமாக இதை ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று கேட்டேன். கோபமாகத்தான் கேட்டேன்.

"யாரு கேட்டா?" என்றாள் அக்கா. "எல்லாரும் சொன்னாங்க. நீ எழுதின. ஒருத்தரும் கேக்கல."

அன்றைக்கு நோட்டைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் சொல்லாமல் விட்ட 'ஆனா' எனக்கு அப்போதுதான் உறைத்தது. அவளுக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தேன். அன்றைக்கு என்ன நடந்தது, முதலிலிருந்து சொல் அக்கா என்றேன். அவள் கத்தியை வைத்துவிட்டுக் கையை நீட்டித் தடவினாள். என் முழங்காலைத் தொட்டாள், பிறகு என் கையை, பிறகு அதில் திறந்தபடி இருந்த பேனாவை.

"சொல்றேன்டா," என்றாள். "மொதல்ல இத மூடி வையி."